கோரிக்கை வர்த்தமானியாகும் வழி: மட்டக்களப்பும் வெளிவட்ட அழுத்தக் குழுக்களும்

ஆட்சியில் அமரும் நோக்கமின்றி, ஆட்சியில் இருப்பவர்களின் முடிவுகளைத் தமது கோரிக்கைக்கு இசைவாக மாற்ற முயலும் அமைப்புகளை அரசியல் அறிவியல் அழுத்தக் குழுக்கள் என்று அழைக்கிறது. அரசியல் கட்சி தேர்தலில் போட்டியிட்டு நாட்டின் எல்லாத் துறைகளுக்கும் பொறுப்பேற்க விரும்புகிறது. அழுத்தக் குழுவோ யார் ஆட்சிக்கு வந்தாலும் தனக்கு உயிரான ஒரு விடயத்தில் மட்டும், அது நெல்லின் விலையாக இருக்கலாம், மேய்ச்சல் தரையாக இருக்கலாம், காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய உண்மையாக இருக்கலாம், அரசு இன்ன முடிவையே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. தொழிற்சங்கம், வர்த்தகர் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், பெண்கள் அமைப்பு, கால்நடைப் பண்ணையாளர் சங்கம் ஆகிய அனைத்தும் இந்த வகைக்குள் அடங்கும்.

ஆனால் இந்தக் குழுக்கள் எல்லாம் அரசுக்கு ஒரே தூரத்தில் நிற்பவை அல்ல. பிரித்தானிய அரசியல் அறிஞர் வின் கிராண்ட் 1978ஆம் ஆண்டு முன்வைத்த பகுப்பு இந்தத் தூர வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் நிதியமைச்சு யாரை அழைத்துக் கருத்துக் கேட்கிறதோ, சட்டமூலத்தின் வரைவு யாருடைய மேசைக்கு முதலில் அனுப்பப்படுகிறதோ, அவர்கள் உள்வட்டக் குழுக்கள். 1839இல் தோன்றிய இலங்கை வர்த்தகச் சம்மேளனத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அத்தகைய ஆலோசனைக்கு அழைக்கப்படாமல், தெருவிலும் நீதிமன்றத்திலும் ஊடகத்திலும் தமது குரலை எழுப்ப வேண்டியவை வெளிவட்டக் குழுக்கள். இவற்றிலும் மூன்று வகை உண்டு: உள்ளே செல்ல விரும்பியும் இன்னும் இடம் கிடைக்காதவை, தேவையான தொடர்பும் மொழியறிவும் அனுபவமும் இல்லாததால் வெளியே நிற்க நேர்ந்தவை, ஆட்சியின் அடிப்படைக் கொள்கையையே மறுப்பதால் உள்ளே செல்ல விரும்பாதவை.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலப்பகுதியில் கடந்த சில ஆண்டுகளாக நடந்த போராட்டங்கள், இந்த இரண்டாம் நிலையினர், அதாவது வெளிவட்டத்தினர், அரசின் கொள்கையை எவ்வழிகளில் அசைக்க முயல்கின்றனர், எப்போது வெல்கின்றனர், எப்போது வெறும் வாக்குறுதியோடு திருப்பி அனுப்பப்படுகின்றனர் என்பதை மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. அந்த அனுபவங்கள் அனைத்தும் ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றன: கூட்டத்தின் அளவோ கோஷத்தின் உரப்போ வெற்றியைத் தீர்மானிப்பதில்லை, ஒன்றை நிறுத்துவதோடு முடிந்துவிடாத கோரிக்கை, அரசிதழான வர்த்தமானியில் அறிவித்தலாகவோ நீதிமன்றக் கட்டளையாகவோ எழுத்தில் ஏறும்வரை எந்த வெளிவட்டக் குழுவும் வென்றதாகக் கொள்ள முடியாது.

வாசல் மூடியிருப்பதன் காரணங்கள்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாகக் கடற்கரைக்கு இணையாகக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் நகரமும் வர்த்தகமும் நெருக்கமான குடியிருப்புகளும் அமைந்திருக்க, மேற்கே விரியும் படுவான்கரையில் வயலும் குளமும் காடும் மாட்டுப்பட்டிகளுமே வாழ்வின் ஆதாரமாக விளங்குகின்றன. இந்த மேற்குக் கரையின் நிலத்தைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில் இல்லை. ஒரு துண்டு நிலம் பிரதேச செயலாளரின் பொறுப்பிலும், அதற்கடுத்த துண்டு வன பரிபாலனத் திணைக்களத்தின் பொறுப்பிலும், அதற்கப்பால் உள்ளது வனஜீவராசிகள் திணைக்களத்திடமும், இன்னொன்று மகாவலி அதிகார சபையிடமும் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட மகாவலி அதிகார சபை, வர்த்தமானியில் விசேட பிரதேசமாக அறிவிக்கப்பட்ட நிலத்தில் மிகப் பரந்த அதிகாரத்தைக் கொண்டிருப்பதோடு, அதற்கான கட்டளைகளைக் கொழும்பிலிருந்தே பெறுகிறது.

மாவட்டத்துக்கு அருகிலிருந்து கேட்கக்கூடிய அரசியல் நிறுவனம் ஒன்று இருந்திருந்தால் இந்தத் தூரம் குறைந்திருக்கும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் ஏற்படுத்தப்பட்ட மாகாண சபை முறையின் கீழ், தனித்த கிழக்கு மாகாண சபைக்கு முதற்தடவையாக 2008 மே மாதத்தில் தேர்தல் நடைபெற்றது. 2017 செப்டம்பரில் சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர், புதிய தேர்தல் நடத்தப்படாமல், ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரே மாகாண நிர்வாகத்தை நடத்திவருகிறார். மக்களின் வாக்கால் தெரிவாகாத ஒருவரிடம் முறையிடச் செல்லும் விவசாயிக்கு, அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் சிறு பலம்கூட இல்லாமல் போகிறது.

2020 ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமைத்துவம் செய்வதற்காக ஜனாதிபதிச் செயலணி ஒன்று வர்த்தமானி மூலம் அமைக்கப்பட்டபோது, பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் நியமிக்கப்பட்ட அதன் முதற் பட்டியலில், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அந்த மாகாணத்தின் நிலத்தைப் பற்றித் தீர்மானிக்கும் பொறுப்பு வழங்கப்பட்டிருந்த போதிலும், ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. வெளிவட்டம் என்பது சில குழுக்கள் தாமாகத் தெரிவு செய்துகொண்ட இடமல்ல என்பதற்கும், முடிவெடுக்கும் மேசை எப்படி அமைக்கப்படுகிறது என்பதே யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெளியே நிற்போரின் வழிமுறைகள்

மேசையில் இடமில்லாத ஒரு குழுவின் முதல் வேலை தகவல் திரட்டுவதாகும். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தவொரு பிரசையும் அரச நிறுவனமொன்றிடம் ஆவணத்தைக் கேட்கலாம். நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்து ஆணைக்குழுவரை செல்லலாம். ஒரு தொழிற்சாலைக்கு எந்தத் திணைக்களம் அனுமதி வழங்கியது, ஒரு காணி யாருக்கு எந்த நிபந்தனையில் குத்தகைக்கு விடப்பட்டது என்பன தெரியாமல் நடத்தப்படும் போராட்டம் உரிய வாசலைத் தட்டாமல் ஓய்ந்துவிடும் என்பதால், கிராம மட்டக் குழுக்களுக்கு இந்தச் சட்டம் அளித்த பலம் பெரிது.

இரண்டாவது வழி வீதி. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் சங்கம் அமைக்கும் சுதந்திரத்தையும் பிரசைகளுக்கு உறுதிப்படுத்துகிறது. கவனயீர்ப்பு, பேரணி, உண்ணாவிரதம், தொடர் அறவழிப் போராட்டம், ஹர்த்தால் என்பன அந்தச் சுதந்திரத்தின் நடைமுறை வடிவங்கள். கடையடைப்பும் போக்குவரத்து நிறுத்தமும் சேர்ந்த ஹர்த்தால், மக்கள் தமது அன்றாட வருமானத்தைத் தாமே விட்டுக்கொடுத்து அரசுக்குச் செய்தி சொல்லும் முறையாகும். 1953ஆம் ஆண்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவி நடந்த ஹர்த்தாலின் பின்னர், அதே ஆண்டில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகியதிலிருந்து, இலங்கையின் எந்த அரசாங்கமும் இந்தக் கருவியை இலேசாக எண்ணியதில்லை.

மூன்றாவது வழி நீதிமன்றம். நிறைவேற்றுத் துறையின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அரச அதிகாரி தமது சட்டக் கடமையைச் செய்யத் தவறினாலோ அதிகார வரம்பை மீறினாலோ, அதைச் சரிசெய்யுமாறு கட்டளையிடும் எழுத்தாணையை மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் கோரலாம். அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் வெளிநாட்டு நிறுவனமொன்றின் பங்களிப்போடு பொஸ்பேற் அகழ்வதற்கான திட்டத்தை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் திட்டத்தைத் தொடரக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பு, கிராமத்தவரின் மனு ஒரு தேசியத் திட்டத்தையே நிறுத்த முடியும் என்பதை நிலைநாட்டியது.

நான்காவது வழி எல்லைக்கு அப்பாற்பட்டது. மார்கரெட் கெக், கத்ரின் சிக்கிங்க் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பூமராங் முறை என்று பெயரிட்டனர்: உள்நாட்டு அரசு செவிசாய்க்காதபோது, குழுவானது தனது முறையீட்டை வெளிநாட்டு அமைப்புகளுக்கும் அரசுகளுக்கும் ஐக்கிய நாடுகள் மன்றங்களுக்கும் அனுப்ப, அங்கிருந்து எழும் அழுத்தம் சுற்றி வந்து உள்நாட்டு அரசின் மீது விழுகிறது.

புல்லுமலை: ஒன்றைத் தடுத்தல்

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள பெரிய புல்லுமலையில் நிலத்தடி நீரை எடுத்துப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை அமைக்கப்படுவது 2018இல் வெளித்தெரிந்தபோது, படுவான்கரை மக்கள் எழுப்பிய கேள்வி எளியதும் நேரானதுமாக இருந்தது: வரட்சிக் காலத்தில் பவுசரில் வரும் குடிநீருக்குக் காத்திருக்கும் கிராமங்களின் அடியிலிருந்து, விற்பனைக்காக நீரை உறிஞ்சி எடுத்தால், அவற்றின் கிணறுகளுக்கு என்ன ஆகும்? கவனயீர்ப்புகளும் மனுக்களும் தொடர்ந்த பின்னர், 2018 செப்டம்பர் 7ஆம் திகதி மாவட்டத்தின் தமிழ்ப் பகுதிகள் ஹர்த்தாலால் முடங்கின. தொழிற்சாலைப் பணிகள் நிறுத்தப்பட்டன.

இந்த வெற்றியை எளிதாக்கிய காரணங்களை நுணுகிப் பார்க்க வேண்டும். கோரிக்கை ஒரே இடத்தைப் பற்றியது, ஒரே திட்டத்தைப் பற்றியது. அதை நிறைவேற்ற அரசு புதிதாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை, நடப்பதை நிறுத்தினால் போதும். அதிகாரமுள்ள உள்ளூர் அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் மக்களின் பக்கம் சாய்வதில் எந்த இழப்பும் இருக்கவில்லை. தடுக்கும் கோரிக்கை நிறைவேற ஒரு வாசல் மூடப்பட்டாலே போதுமானது. ஆக்கும் கோரிக்கைக்கோ எல்லா வாசல்களும் திறக்க வேண்டும். அதேவேளை, முதலீட்டாளரின் இனம் பேசுபொருளாகிய அளவுக்கு, நீர் என்ற பொதுப் பிரச்சினை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான பிணக்காகச் சுருங்கும் ஆபத்தும் அங்கே இருந்தது. வாவியின் இரு கரைகளிலும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இரு சமூகங்களின் நிலத்தடி நீர் ஒன்றே என்பதால், அந்தச் சுருக்கம் அடுத்த போராட்டத்தைப் பலவீனப்படுத்தும் தன்மையுடையது.

ஓட்டமாவடி: ஒரு விதியை மாற்றுதல்

கொவிட்-19 தொற்றால் இறந்தவர்களின் உடல்களை அடக்கம் செய்யவோ தகனம் செய்யவோ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தபோதும், இலங்கை அரசு 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி மூலம் தகனத்தைக் கட்டாயமாக்கியது. இறந்தவரை மண்ணில் அடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு இது பெரும் காயமாக அமைந்தது. அடக்கத்தை மரபாகக் கொண்ட கிறிஸ்தவர்களும் பாதிக்கப்பட்டனர். தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்ததோடு நீதிமன்ற வழியும் அடைபட்டது.

அதே மாதத்தில், பிறந்து இருபது நாட்களேயான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றித் தகனம் செய்யப்பட்ட செய்தி பரவியது. கொழும்பு பொரளை மயானத்தின் வாயிலிலும் வேலியிலும் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டத் தொடங்கினர். முஸ்லிம்கள் இறந்தவரின் உடலைப் போர்த்தும் கபன் துணியை நினைவூட்டிய அந்தத் துண்டுகளைக் கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவ மதகுருமாரும் இருந்தனர். தொற்றுக் கால விதிகளால் பேரணி நடத்த முடியாத நாட்களில், ஒரு முழம் துணி பேரணியின் வேலையைச் செய்தது.

2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கி, மட்டக்களப்பு ஊடாகச் சென்று, 7ஆம் திகதி வடக்கின் பொலிகண்டியில் நிறைவுற்ற நடைபவனியின் கோரிக்கைகளில் கட்டாயத் தகனத்தை நிறுத்துவதும் ஒன்றாக இருந்தது. காணி அபகரிப்பு, மேய்ச்சல் தரை இழப்பு, அரசியல் கைதிகள், பயங்கரவாதத் தடைச் சட்டம், மலையகத் தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபாய் நாட்சம்பளம் ஆகியவற்றோடு முஸ்லிம்களின் நல்லடக்க உரிமையும் ஒரே பதாகையின் கீழ் வந்ததும், கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் மக்கள் அந்த நடையை வரவேற்று இணைந்ததும், போர்க்காலத்தின் கசப்பை நன்கு அறிந்தவர்களுக்குச் சிறிய நிகழ்வுகள் அல்ல. பல இடங்களில் பொலிஸார் நீதிமன்றத் தடைக் கட்டளைகளைப் பெற்றிருந்தும் நடை தொடர்ந்தது.

பெப்ரவரி 10ஆம் திகதி, அடக்கத்துக்கு அனுமதி வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் கூறினார். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் உடனே அதை வரவேற்றார். ஆனால் அடுத்த நாளே, நிபுணர் குழுவே தீர்மானிக்க வேண்டும் என்ற பதில் அரச தரப்பிலிருந்து வந்தது. நாட்டின் பிரதமர் பாராளுமன்றத்தில் கூறிய சொல்லுக்குக்கூட, எழுத்தில் ஏறாதவரை, ஒரு ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, மண்ணில் வைக்கும் வலிமை இருக்கவில்லை. பின்னர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையின் 46ஆவது அமர்வு ஆரம்பமாகி, முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் இலங்கைக்குத் தேவைப்பட்ட வேளையில், இம்ரான் கான் கொழும்புக்கு வந்து சென்ற மறுநாளான பெப்ரவரி 25ஆம் திகதி, அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. மார்ச் 5ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, சூடுபத்தினசேனையில் முதல் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. பின்னர் அந்த மண்ணில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். 2021 மார்ச் 23ஆம் திகதி 22 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறிய பேரவைத் தீர்மானமும் கட்டாயத் தகனத்தைக் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை இந்தக் கொள்கைக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

உள்நாட்டின் வெள்ளைத் துணியும் நடைபவனியும் பிரச்சினையை உயிரோடு வைத்திருந்திராவிட்டால், வெளிநாட்டின் அழுத்தத்துக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இருந்திராது. வெளிநாட்டின் அழுத்தம் இல்லாமல், உள்நாட்டின் துயரம் மட்டும் அந்த வர்த்தமானியை அந்த வாரத்தில் பெற்றிருக்கவும் முடியாது. இரண்டும் ஒரே வேளையில் பொருந்தியமையே வெற்றியாயிற்று.

மயிலத்தமடு: ஒன்றைச் செய்வித்தல்

மூன்றாவது போராட்டம் இன்னும் கடினமானது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கெல்லையில், கிரான், செங்கலடிப் பிரதேச செயலகப் பிரிவுகளில் மாதவனை, மயிலத்தமடு என்ற மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. மாதுறு ஓயாவை அண்டிய இந்த நிலம் மகாவலித் திட்டத்தின் பி வலயத்துக்குள் வருகிறது. படுவான்கரைப் பண்ணையாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமது மாடுகளை இங்கே கொண்டு செல்கின்றனர். அவர்களுக்கு அது விருப்பத் தெரிவன்று, நெற்செய்கையின் நாட்காட்டி விதிக்கும் கட்டாயம்.

ஒவ்வோர் ஆண்டும் பெரும்போக நெற்செய்கை தொடங்குமுன், அரச அதிகாரிகளும் விவசாய அமைப்புகளும் கலந்துகொள்ளும் ஆரம்பக் கூட்டம் நடைபெறுகிறது. குளத்து நீர் எப்போது திறக்கப்படும், விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும் என்பனவற்றோடு, வயற்பிரதேசங்களிலிருந்து கால்நடைகளை எந்தத் திகதிக்குள் அகற்ற வேண்டும் என்பதும் அங்கே தீர்மானிக்கப்படுகிறது. அந்தத் திகதிக்குப் பிறகு வயலில் இறங்கும் மாட்டுக்கு உரிமையாளர் தண்டம் செலுத்த நேரும். எனவே மழை தொடங்கும் பருவத்தில் பட்டிகள் மேற்கு நோக்கி நடக்கின்றன. பண்ணையாளர்கள் அங்கே வாடி அமைத்துத் தங்கிப் பால் கறக்கின்றனர். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து வயல்கள் வைக்கோலும் தாளடியுமாகக் கிடக்கும்போது மாடுகள் திரும்புகின்றன. மட்டக்களப்பின் புகழ்பெற்ற தயிர்ச் சட்டியின் பின்னால் இருப்பது இந்த நெடிய நடையே. ஒவ்வொரு மாட்டின் உடலிலும் உரிமையாளரின் குறி சுடப்பட்டிருக்கிறது. ஆயினும் மாட்டுக்குக் குறி இருக்கும் அளவுக்கு அது மேயும் தரைக்கு வர்த்தமானி இல்லை. மாடுகளை வயலிலிருந்து அகற்றும் திகதியை எழுத்தில் அறிவிக்கும் அரசு, அவை சென்று மேய வேண்டிய நிலத்தை மேய்ச்சல் தரையென எழுத்தில் பிரகடனம் செய்யாமல் விட்டிருப்பதே இந்தப் பிரச்சினையின் வேர்.

2020ஆம் ஆண்டு முதல் பொலன்னறுவை, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே காடழித்துச் சோளம் முதலிய பயிர்களைச் செய்யத் தொடங்கினர். மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் சுருக்குக் கம்பியில் சிக்கியும் உணவில் மறைக்கப்பட்ட வெடியால் வாய் சிதைந்தும் இறந்ததாகப் பண்ணையாளர்கள் தொடர்ந்து முறையிட்டனர். முதலில் அவர்கள் நாடியது அலுவலகங்களை: பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், பொலிஸ் நிலையம், மகாவலி அலுவலகம். அடுத்ததாக மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரப்பட்டது. 2023 ஓகஸ்டில் நிலைமையை நேரில் அறியச் சென்ற சர்வமதக் குழுவினரும் ஊடகவியலாளரும் அங்கிருந்தோரால் பல மணிநேரம் தடுத்து வைக்கப்பட்ட சம்பவம், ஊரறிந்த பிரச்சினையை நாடறிந்த பிரச்சினையாக்கியது.

2023 செப்டம்பர் நடுப்பகுதியில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் அறவழிப் போராட்டத்தை ஆரம்பித்தனர். ஒக்டோபரில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மாவட்டத்துக்கு வந்தபோது வீதியில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அதில் பங்கேற்றோர் மீது பின்னர் வழக்குத் தொடரப்பட்டது. நவம்பரில் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவித்துவிட்டுத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். இடையில், அத்துமீறிப் பயிர் செய்வோரை அகற்றுமாறு ஜனாதிபதி பணித்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பணிப்பின் பின்னரும் பண்ணையாளர்கள் போராட்டக் கொட்டிலை விட்டு எழவில்லை. 2024 செப்டம்பரில் போராட்டம் ஓராண்டைக் கடந்தது. வாய்மொழிப் பணிப்புக்கும் நிலத்தில் நடப்பதற்கும் இடையிலுள்ள இடைவெளியை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இங்கே அரசு ஒரு செயலை நிறுத்தினால் மட்டும் போதாது. நிலத்தை அளந்து எல்லையிட வேண்டும்; மகாவலி, வன பரிபாலனம், வனஜீவராசிகள், பிரதேச செயலகம் ஆகிய நான்கும் உடன்பட வேண்டும்; ஏற்கெனவே பயிர் செய்துவிட்டவர்களை அகற்ற வேண்டும்; அவர்களுக்கு ஆதரவான பெரும்பான்மை அரசியலின் எதிர்ப்பைத் தாங்க வேண்டும். இத்தனைக்கும் ஈடாக அரசுக்குக் கிடைப்பது, தேசியத் தேர்தலில் எண்ணிக்கையால் பெரிதாகத் தோன்றாத சில ஆயிரம் மக்களின் நன்றி மட்டுமே. வெளிவட்டக் குழுவின் இயல்பான பலவீனம் இந்தக் கணக்கில்தான் வெளிப்படுகிறது.

வெற்றியைத் தீர்மானிப்பவை

மூன்று அனுபவங்களையும் அருகருகே வைத்து நோக்கினால், வெளிவட்டக் குழுவின் வெற்றிக்குத் தேவையானவை தெளிவாகின்றன. முதலாவது, கோரிக்கை ஒரே அதிகாரியால் ஒரே ஆவணத்தில் நிறைவேற்றக்கூடியதாக வடிவமைக்கப்பட வேண்டும். நீதி வேண்டும் என்ற பொதுக் கோரிக்கைக்குப் பதிலளிக்க எந்த அமைச்சருக்கும் கடமையில்லை, ஆனால் இன்ன எல்லைக்குட்பட்ட நிலத்தை மேய்ச்சல் தரையெனப் பிரகடனம் செய்க என்ற கோரிக்கையை ஏற்கவோ மறுக்கவோ வேண்டிய பொறுப்பிலிருந்து உரிய அமைச்சர் தப்ப முடியாது. இரண்டாவது, பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்பாலும் ஆதரவு பரவ வேண்டும். பொரளையில் துணி கட்டிய சிங்களப் பிரசையும், பொத்துவிலிலிருந்து நடந்த முஸ்லிம் இளைஞரும், மயிலத்தமடுவுக்குச் சென்ற மதகுருமாரும் அந்தப் பரவலின் அடையாளங்கள். மூன்றாவது, அரசு பிறரின் நல்லெண்ணத்தை வேண்டி நிற்கும் தருணத்தை அறிந்து செயற்பட வேண்டும். நான்காவது, வாக்குறுதி கிடைத்தவுடன் கலையாமல், அது ஆவணமாகும்வரை நிலைத்து நிற்கும் பொறுமை வேண்டும்.

நான்காவது தேவையே மிகவும் விலையுயர்ந்தது. மாதக்கணக்கில் கொட்டிலில் அமரும் பண்ணையாளரின் பட்டியை வேறொருவர் பார்க்க வேண்டும். கொழும்பில் நடக்கும் வழக்குக்குப் பயணச் செலவும் சட்டத்தரணியும் தேவை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லையைத் தடுப்பதெனக் கூறிப் பெறப்படும் கட்டளையை மீறியதாகக் குற்றம்சாட்டப்பட்டால், நீதவான் நீதிமன்றத்துக்குத் தவணை தவணையாகச் செல்ல வேண்டும். உள்வட்டக் குழு ஒரு தொலைபேசி அழைப்பில் பெறும் செவியை வெளிவட்டக் குழு தனது வாழ்நாளின் ஒரு பகுதியைக் கொடுத்துப் பெறுகிறது.

ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

அழுத்தக் குழுக்கள் மக்களால் தெரிவு செய்யப்பட்டவை அல்ல, சத்தமிடுபவருக்கு அரசு பணிந்தால் அமைதியாக இருப்போரின் நலன் புறக்கணிக்கப்படும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்குக் கிழக்கிலேயே உதாரணம் உண்டு. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர், அன்றைய கிழக்கு ஆளுநர் ஹிஸ்புல்லாவும் வேறு சிலரும் பதவி விலக வேண்டும் எனக் கோரி அத்துரலியே ரத்தன தேரர் மே 31ஆம் திகதி கண்டியில் உண்ணாவிரதம் தொடங்கினார். ஜூன் 3ஆம் திகதியே ஆளுநர் பதவி விலகினார். அந்தத் தேரர் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார், அவருக்குப் பின்னால் பெரும்பான்மைச் சமூகத்தின் கொதிப்பு நின்றது. உண்ணாவிரதம் என்ற கருவி ஒன்றே. ஒருவர் கையில் அது நான்கு நாட்களில் பலன் தருகிறது, மற்றவர் கையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது.

ஆகவே கருவியைக் கொண்டு கோரிக்கையின் நியாயத்தை அளக்க முடியாது. ஒரு சமூகத்தை விலக்குவதற்காக எழுப்பப்படும் அழுத்தத்தையும், விலக்கப்பட்ட ஒரு சமூகம் சட்டப்படி தனக்குரியதைக் கேட்டு எழுப்பும் அழுத்தத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பது ஆட்சியின் கடமை. அந்த வேறுபாட்டைச் செய்யாமல், யார் பலமாக நெருக்குகிறாரோ அவருக்கு இணங்கும் அரசு, அமைதியாக மனுக் கொடுப்பவருக்குத் தெருவைத் தவிர வேறு வழி இல்லை என்று தானே கற்பிக்கிறது.

தெருவில் நிற்போரின் எண்ணிக்கையைக் குறைக்க அரசு உண்மையில் விரும்பினால், அதற்கான வழி தடைக் கட்டளையில் இல்லை. ஆண்டுகளாக வெறுமையாகக் கிடக்கும் மாகாண சபைக்குத் தேர்தல் நடத்துவதும், நிலத்தைப் பற்றித் தீர்மானிக்கும் குழுக்களில் அந்த நிலத்தில் வாழ்வோருக்கு இடமளிப்பதும், பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் மாடுகளை அகற்றும் திகதியை அறிவிக்கும்போதே அவை மேய்வதற்குரிய தரையின் எல்லையையும் வர்த்தமானியில் அறிவிப்பதும் அரசின் கையிலுள்ள காரியங்கள். படுவான்கரைப் பண்ணையாளர்கள் சலுகையாக எதையும் கேட்கவில்லை; அரசின் அறிவுறுத்தலுக்கு இணங்கி வயலை விட்டு மாடுகளை நடத்திச் செல்லும் தமக்கு, அதே அரசின் எழுத்தில் ஓர் இடம் வேண்டும் என்றே கேட்கின்றனர். அந்த எழுத்து வரும்வரை அவர்கள் போராடுவதை நியாயமற்றதென்று எவரும் சொல்ல முடியாது. அது வந்த பிறகு அவர்கள் போராட வேண்டிய தேவையும் இராது.